லட்சுமி முத்திரையும் ஒரு டேங்கர் தண்ணீரும்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இப்போதைய செயலாளர் போன் செய்தார். ‘வணிகர் சங்கம் ஊருக்கு ஆற்றிய தொண்டு’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதாம். ஏற்றுமதிக்கு வேண்டிய சர்டிபிகேட்டைக்கூட உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிவிடலாமாம். அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். சமாளித்ததை எழுதுகிறேன். மலரில் போடுவது அவர்கள் பாடு. போட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவில், வெல்ல மண்டியும் மாந்தோப்பும் உள்ள ஊர் என்பது போதும். தலைவர், உபதலைவர் என்று பதவியைச் சொல்லித்தான் எழுதுவேன். இருவருமே இப்போது இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் அதே கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்கறி வாங்க நான் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். கைங்கரியம் அண்ணனுக்குப் போயிற்று, எனக்கு டைப்ரைட்டிங் வந்தது. சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆபீஸ் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றேன். முதல் சில வருடங்களில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: யார் தோற்றார் என்று தெரியாதபடி தீர்மானம் எழுதுவது, யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்பது, காபி முதலில் யாருக்குப் போக வேண்டும் என்பது. சங்கத்தின் சட்டதிட்டங்களைப் படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். விற்பனை வரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிய பெட்டிக்கடைக்காரர்களுக்கு அதைப் படித்து அர்த்தம் சொல்லி, அதிகாரி முன்னால் கூடவே போய் நின்றிருக்கிறோம். ஒரு கடை வரிசையே தீப்பிடித்து எரிந்தபோது, அவர்கள் மறுபடி திறக்கும்வரை மொத்த வியாபாரிகளைப் பேசிப் பேசிச் சரக்கு கொடுக்க வைத்தோம். கோடையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ஆனால் பந்தலில் கட்டும் பேனரில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்று முடிவு செய்வதற்குள் சித்திரை முடிந்துவிடும். ஒரு வருடம் பந்தல் திறந்த அன்று மழை பெய்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

தலைவர் வெல்ல மண்டி முதலாளி. வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நல்ல மனிதர்தான். ராகுகாலம், எமகண்டம், அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் கையெழுத்துப் போடுவார். நாற்காலியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி, பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாளின் மூலையில் முதலில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். வெளிநாட்டுக்குப் போகும் தாளில் அதெல்லாம் வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். “புள்ளையார் மேல கேஸா போடப் போறான்?” என்றார்.

உபதலைவர் ஜவுளிக்கடைக்காரர். ஓர் ஆண்டு விழாவில், வந்திருந்த அதிகாரிக்கு இவர் சால்வை போர்த்துவதற்கு முன்னால் தலைவரின் மகன் போர்த்திவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. அதற்காக உபதலைவர் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடவில்லை. தவறாமல் வருவார். தலைவர் இருக்கும் அதே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, விழாவுக்குச் சமையல் யார் என்று தலைவரைக் கேளுங்கள் என்பார் என்னிடம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் நான் திரும்பி அதையே கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் நானே திருப்பிச் சொல்ல வேண்டும். வருடக் கணக்கில் இந்த உத்தியோகத்தையும் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் பெர்மிட்டும் கோட்டாவும் ஒவ்வொன்றாகப் போயின. அதுவரை அந்த இரண்டையும் திட்டிக்கொண்டிருந்த வியாபாரிகள், அவை போனதும் பயந்து போனார்கள். எங்கள் பக்கத்துப் பெங்களூரா மாம்பழத்துக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. சித்தூரைச் சுற்றி மாங்கூழ் தொழிற்சாலைகள் எழுந்தன. ஊர் இளவட்டங்கள் பாதிப் பேர் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆனி, ஆடியில் மாங்கூழ் வேலைக்குப் போனார்கள். இதெல்லாம் இன்றைக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை.

அப்போதுதான் ஆரிஜின் சர்டிபிகேட் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சரக்கு இந்த நாட்டில், இந்தப் பக்கத்தில் விளைந்து தயாரானதுதான் என்று ஒரு சங்கம் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுக்கும் தாள் அது. அதில் மட்டும் நான் யாரையும் விளையாட விட்டதில்லை. விண்ணப்பம் வந்ததும் பில்லையும் பேக்கிங் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். டின்னில் அச்சடித்த எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க நானே தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போவேன். ஒரு டின்னைத் திறக்கச் சொல்லி முகர்ந்தும் பார்ப்பேன். அதற்குப் பிறகு தாள் டைப் ஆகும். தலைவரோ உபதலைவரோ, இருவரில் ஒருவர் கையெழுத்துதான் செல்லும். மாதிரிக் கையெழுத்துகள் முன்கூட்டியே சென்னைத் துறைமுக ஆபீசுக்குப் போயிருந்தன.

இதுவரைக்கும் ஒழுங்குதான். அடுத்தது முத்திரை. எங்கள் சங்கத்தின் சின்னம் தாமரையில் உட்கார்ந்திருக்கும் மகாலட்சுமி. பித்தளையில் செய்த அந்த முத்திரை, ஆபீஸ் பூஜை அலமாரியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமம், சூடம். சென்னையிலிருந்து ஒருமுறை போன் செய்து, தாளில் ரத்தக்கறை மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்கள். குங்குமம் என்றேன். தீட்டோடு யாரும் அதைத் தொடக்கூடாது, கையெழுத்துப் போடுகிறவரே தன் கையால் அதை அழுத்த வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எழுதிய சட்டங்களையெல்லாம் மீறினார்கள். இதை ஒருவரும் மீறியதில்லை.

இனி முனிரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்காரன். அவன் நைனா காலமெல்லாம் அடுத்தவர் தோப்பில் கூலி வேலை செய்தவர். பிறகு அரசாங்கம் அந்தக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலமும் பொதுவாக ஒரு போர்வெல்லும் கொடுத்தது. முனிரத்தினம் படித்துவிட்டு ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தான். மூடிக் கிடந்த சின்னத் தொழிற்சாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தானே நடத்த ஆரம்பித்தான். வளைகுடாவில் வேலை பார்த்த அவன் மச்சான் அங்கே ஒரு வியாபாரியைப் பிடித்துக் கொடுத்தான். அவனுடைய முதல் கன்டெய்னர் தயாரானது. காலனிப் பெண்கள் அத்தனை பேரும் அந்த சீசனில் அவனிடம்தான் வேலை செய்தார்கள். பழமும் அக்கம்பக்கத்துச் சின்ன விவசாயிகளுடையதுதான். சரக்கு போய்ச் சேர்ந்தால் தொழிற்சாலை நிலைக்கும், இல்லாவிட்டால் மறுபடி பூட்டுத்தான். நான் போய் டின் திறந்து பார்த்தபோது அவனே ஒரு ஸ்பூன் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். கூழ் நன்றாக இருந்தது.

வாங்குகிற வியாபாரி ஏற்கெனவே எங்கேயோ ஏமாந்தவர். சர்டிபிகேட்டைக் கண்ணால் பார்க்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை சென்னைத் துறைமுகத்தில் சரக்கு உள்ளே போயாக வேண்டும். அதாவது தாள் அன்றைக்குப் பகலிலேயே கன்டெய்னரோடு கிளம்ப வேண்டும். சென்னையில் வேறு சங்கத்தில் வாங்கலாம்தான். அங்கே புதிதாகச் சேர்ந்து தாள்களெல்லாம் கொடுத்து முடிவதற்குள் கப்பல் வளைகுடாவையே தொட்டுவிடும்.

அன்றைக்குக் காலையில் கடைவீதியின் மூத்த வியாபாரி ஒருவர் காலமாகிவிட்டார். தலைவருக்குப் பங்காளி முறை.

உறுப்பினர் யார் இறந்தாலும், பாடை கடைவீதியைத் தாண்டும்வரை எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆட்டோவில் மைக் கட்டி அதை அறிவிப்பது என் வேலை. அறிவித்துவிட்டு, டைப் செய்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராகச் சாவு வீட்டுக்குப் போனேன். முனிரத்தினம் தெருமுனையில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் நின்றிருந்தான். சாவு வீட்டு வாசலுக்கு அவன் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

தலைவர் பந்தலுக்குள் கீழே உட்கார்ந்திருந்தார். காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“மாகு மைல, முட்டகூடது. பத்து நாளு போகட்டும்.”

தீட்டு, தொடக்கூடாது. கப்பலும் பத்து நாள் காத்திருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அதே பந்தலில் எதிர்ப்பக்கம் உபதலைவர் துக்கம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பங்காளித் தீட்டு இல்லை. அவரிடம் போய்ச் சொன்னேன். தலைவர் கேட்டுக்கொண்டால் போடுகிறேன் என்றார். திரும்பி வந்து தலைவரிடம் சொன்னேன். தலைவர் இல்லாத சமயத்தில் உபதலைவர் போடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே, நான் எதற்குக் கேட்க வேண்டும் என்றார். அதைக் கொண்டுபோய் இவரிடம் சேர்த்தேன்.

“ஆளு எதிர்ல குந்திக்கினு கீறாரு. இல்லாத சமயம்னு எப்படி சார் சொல்றது?”

நடுவில் ஒரு பெரியவர் செத்துக் கிடக்கிறார். அவரைச் சுற்றிப் பெண்கள் அழுகிறார்கள். நான் தலைமாட்டுப் பக்கமும் கால்மாட்டுப் பக்கமும் மாறி மாறி நடந்துகொண்டிருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், இது என்ன சடங்கு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிடலாம் போலிருந்தது. கடைசியில் தலைவர் பந்தல் காலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, யாராவது போட்டால் நல்லது என்று காற்றில் சொன்னார். அது தன்னைத்தான் என்று உபதலைவர் எடுத்துக்கொண்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார்.

சாவு வீட்டிலிருந்து வந்தவர் குளிக்காமல் லட்சுமியைத் தொட முடியாதே. அவர் வீட்டுக்குப் போனோம். குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் ஊர்க் கோடை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணறு வறண்டு, முனிசிபல் லாரி என்றைக்கு வரும் என்று அந்த லாரிக்கே தெரியாத வருடம் அது. வீட்டில் இருந்தது சமையலுக்கு எடுத்துவைத்த ஒரு தவலைத் தண்ணீர். அதைத் தொடவிட மாட்டேன் என்று அவர் சம்சாரம் குறுக்கே நின்றுவிட்டார். அந்த அம்மாள் செய்ததில் தவறே இல்லை. பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான். மாலையில் லாரி வந்தால் பார்க்கலாம் என்று உபதலைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

தெருமுனைக்குப் போய் முனிரத்தினத்திடம் சொன்னேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. அவன் கோபப்படவில்லை. தொழிற்சாலையில் பழம் கழுவ ஒரு டேங்கர் வைத்திருந்தான். அந்த வருடம் எங்கள் ஊரில் தவறாமல் ஓடிய டேங்கர் அது ஒன்றுதான். எஸ்.டி.டி. பூத்துக்குள் போய் போன் செய்து, பழம் கழுவுகிறதை நிறுத்திவிட்டு டேங்கரை இங்கே அனுப்பச் சொன்னான்.

டேங்கர் தெருவுக்குள் திரும்பியதுதான் தாமதம், அத்தனை வீட்டிலிருந்தும் குடம் வந்துவிட்டது. யார் யாருக்கு முன்னால் என்ற சண்டையும் கூடவே வந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற உபதலைவர், இது தன் குளியலுக்கு வந்த தண்ணீர் என்று கத்திப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. டிரைவர் எப்படியோ இரண்டு வாளியைப் பிடித்து உள்ளே கொடுத்தான். நானும் சாவு வீட்டுக்குப் போனவன், பெட்டியை எடுக்க வேண்டியவன். டேங்கருக்குப் பின்னால் நின்று ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஈர வேட்டியோடு ஆபீசுக்கு ஓடி முத்திரைப் பெட்டியை எடுத்துவந்தேன். சங்கம் ஊருக்கு ஆற்றிய தொண்டு என்று கேட்டார்களே, அந்தத் தெருவுக்கு அன்று கிடைத்த தண்ணீரைத் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

உபதலைவர் தலை துவட்டி, நெற்றிக்கு இட்டு, கூடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். முத்திரையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நன்றாக அழுத்தினார். தாளை எடுத்துக்கொண்டு அவரே வாசலுக்கு வந்தார். முனிரத்தினம் படிக்குக் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினான். என்னிடம் கொடுங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் குனிந்து தாளைப் படியின்மேல் வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று ஒரு கல்லையும் தேடி எடுத்து அதன்மேல் வைத்தார். அவ்வளவு அக்கறை. பிறகு, போய் வாப்பா, நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று மனதார வாழ்த்தினார்.

முனிரத்தினத்தின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு கல்லை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்தான். நான் அவனோடு லாரிவரை நடந்தேன். குளித்துவிட்டு மடியாக இருப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நான் பிறந்த வீடு அப்படிப்பட்டது. ஆனாலும் அந்தக் கல்லைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மனதில் வைத்துக்கொள்ளாதே என்று ஏதோ உளறினேன். அவன் தாளை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, லாரி நகர்ந்த பிறகுதான் பேசினான்.

“அது எங்க காலனி போர்ல புடிச்ச தண்ணி சார். எங்க பொம்பளைங்க குடிக்கிற தண்ணி. அத ஊத்திக்கினு தான் அவுரு சுத்தமானாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் தலையிலிருந்தும் அந்தத் தண்ணீர்தான் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

சரக்கு போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலை நிலைத்தது. அடுத்த கன்டெய்னருக்கு அவன் எங்களிடம் வரவில்லை. சென்னையில் ஒரு சங்கத்தில் சேர்ந்து அங்கேயே வாங்கிக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் சில சின்னத் தொழிற்சாலைக்காரர்களும் போய்விட்டார்கள். ஆவணிக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. நம்மால் வளர்ந்தவர்கள் நம்மை விட்டுப் போகிறார்களே என்று தலைவர் வருத்தப்பட்டார். முனிரத்தினத்தைக் கூப்பிட்டு மேடையில் ஒரு சால்வை போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். சால்வையை யார் போடுவது என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. படியையும் கல்லையும் பற்றிச் சொன்னேன். டேங்கர் எங்கே தண்ணீர் பிடித்தது என்பதையும் சொன்னேன். முனிரத்தினத்திடம் முன்பே கேட்டிருந்தேன், தாராளமாகச் சொல்லுங்கள் என்றிருந்தான். உபதலைவர் முகம் கறுத்துப் போயிற்று. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். போகட்டும், இப்போதாவது உறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரே ஒருநாள் முனிரத்தினத்தைத் தேடிப் போவார் என்றுகூட நினைத்தேன்.

அன்று மாலையே அவருடைய ஜவுளிக்கடை ஆள் என் வீட்டுக்கு வந்தான்.

“மொதலாளி தீட்டு போக தலைக்கு ஊத்திக்கணுமாம் சார். கொழாயில தண்ணி வரல. அன்னைக்கு மாதிரி ஒரு டேங்கருக்கு ஏற்பாடு பண்ண முடியுமான்னு உங்கள கேக்கச் சொன்னாரு.”

முனிரத்தினத்தின் போன் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.